முன்பாரம், பின்பாரம்: பனி தள்ளும் பழைய ஜீப்பும் அதன் டயர்களும்

20 சென்டிமீட்டர் பனி விழுந்த ஒரு காலை. 3 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம் உள்ள வீட்டு வழித்தடத்தைத் துடைத்தாக வேண்டும். கணக்குப் போட்டால் 18 கன மீட்டர் பனி. இரவில் விழுந்த பொடிப்பனி என்றால் கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். மொத்தம் 1,800 கிலோ. மார்ச் மாதத்து ஈரப்பனி கன மீட்டருக்கு 250 கிலோவைத் தொடும். மொத்தம் நாலரை டன். இதைத் தள்ளப்போகிற 1970களின் ஜீப் சி.ஜே-5, சுமார் 1,200 கிலோதான் இருக்கும். தன்னைவிடக் கனமான சுமையை, வழுக்குகிற தரையில் நின்றுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அது ஓரங்கட்ட வேண்டும். இப்படி ஒரு வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைக் கேட்கிறார்கள், முன்னே மாட்டும் பனிப்பலகையின் அகலத்தைக் கேட்கிறார்கள், ஹைட்ராலிக் பம்பைக் குடைந்து பார்க்கிறார்கள். டயரை எட்டி ஒரு உதை உதைத்துப் பார்ப்பதோடு சரி. வேலை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி, வெர்மான்ட், மெய்ன், எல்லையைத் தாண்டினால் ஒன்டாரியோ, கியூபெக். இந்த வட்டாரங்களில் பனி தள்ளுவது குளிர்காலத்து வீட்டு வேலைகளில் ஒன்று. சிராக்யூஸ் நகரில் சராசரியாக ஆண்டுக்கு 120 அங்குலத்துக்கு மேல் விழுகிறது. பொதுச் சாலையை அரசு லாரி துடைத்துவிடும். சாலையிலிருந்து வாசல்வரை வீட்டுக்காரர் பாடு. போதாக்குறைக்கு, அந்த லாரி போகிற போக்கில் வழித்தடத்தின் வாயில் ஒரு வரப்பைக் கட்டிவிட்டுப் போகும். முழங்கால் உயரம், உப்பும் சேறும் கலந்தது. ஓர் இரவு விட்டால் கல்.

இந்த வேலைக்குப் பழைய ஜீப் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. 1945-இல், போர் முடிந்த கையோடு, வில்லிஸ் நிறுவனம் ராணுவ ஜீப்பைச் சற்று மாற்றி சி.ஜே-2ஏ என்று உழவர்களுக்கு விற்கத் தொடங்கியது. 60 குதிரைத்திறன் எஞ்சின், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வெறும் 80 அங்குலம், 5.38 என்ற அச்சு விகிதம். வேகம் கிடையாது, இழுவை உண்டு. குறுகலான இடத்தில் ஒடித்துத் திருப்பலாம். வண்டியில் மாட்டும் பனிப்பலகைகள் அதற்கு முன்பே சந்தையில் இருந்தன. மேயர் நிறுவனம் 1926-இல் தொடங்கியது. பலகையும் ஜீப்பும் சேர்ந்தன. மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியதால் அந்த முகம் நமக்கும் பழக்கம்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் குலுங்கி ஏறும் ஜீப்புகள் அதே வம்சம்.

வட அமெரிக்காவில் இன்று மிச்சமிருக்கும் சி.ஜே-5, சி.ஜே-7 வண்டிகள் பலவற்றைச் சாலை உப்பு அரித்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட வண்டி, களஞ்சியத்துக்குப் பின்னால் எட்டு மாதம் கிடக்கும். டிசம்பரில் பேட்டரி போட்டு எழுப்புவார்கள். அதில் இருப்பது எப்போதோ யாரோ மாட்டிய டயர். அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தமிழில் எழுதும்போது முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டியிருக்கிறது. மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, மெய்னில் கூரையை அமுக்கி உடைப்பதும் பனி. டயருக்கு இந்தச் சொற்சிக்கனம் உதவாது. புதுப்பொடி, மிதிபட்டு இறுகிய பனி, பனிக்கட்டி, பாதி உருகிய சேற்றுப்பனி என்று நான்கு தரைகளை அது சந்திக்கிறது. ஒரே காலையில், ஒரே வழித்தடத்தில் நான்கும் வரும். எந்த டயர் நல்லது என்று ஓயாமல் நடக்கும் சண்டையில் பாதி, ஆளுக்கொரு தரையை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது.

காய்ந்த தார்ச்சாலையில் ரப்பரின் உராய்வுக் குணகம் 0.7 அல்லது 0.8 இருக்கும். இறுகிய பனியில் அது 0.2, 0.3 என்று இறங்குகிறது. பனிக்கட்டியில் 0.1 அளவில் நிற்கும்; பூஜ்யம் டிகிரிக்கு அருகே மேலாக ஒரு நீர்ப்படலம் உருவாகிவிட்டால் இன்னும் கீழே போகும். கடுங்குளிரில் உறைந்த பனிக்கட்டியைவிட இளகத் தொடங்கிய பனிக்கட்டி மோசம் என்பது பலரும் எதிர்பாராதது. வண்டி, பலகை, ஓட்டுநர் எல்லாம் சேர்த்து 1,400 கிலோ என்று கொண்டால், நான்கு சக்கரமும் முழுதாக இழுத்தாலும் காய்ந்த சாலையில் கிடைக்கும் தள்ளுவிசை ஏறக்குறைய 1,000 கிலோ, இறுகிய பனியில் 350, பனிக்கட்டியில் 140. நாலு பேர் தோள்கொடுத்தால் அதைவிட அதிகம் தள்ளிவிடுவார்கள், கால் வழுக்காமல் இருந்தால். இந்தக் கணக்கில் எஞ்சினுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டால் 60 குதிரைத்திறனே பனியில் சக்கரத்தை வெறுமனே சுழற்றப் போதும். வி-8 எஞ்சின் ஏற்றிய ஜீப்பும் அதே இடத்தில்தான் சிக்கும். சத்தம்தான் கூடுதல்.

பழைய ஜீப்பின் சாதாரண டிஃபரன்ஷியல் இன்னொரு வெட்டு வெட்டுகிறது. ஒரே அச்சில் ஒரு சக்கரம் பனிக்கட்டியிலும் மறு சக்கரம் தரையிலும் நின்றால், தரையில் நிற்பதும் பனிக்கட்டியில் நிற்பதன் அளவுக்கே தள்ளும். ஆகவே நான்கு டயரும் நன்றாக இருக்க வேண்டும். மூன்று நன்றாக இருந்தால் போதாது.

இனி டயருக்கு வருவோம். பனியில் ஓடி நின்ற வண்டியின் டயரைக் குனிந்து பார்த்தால், பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் வெள்ளையாக அடைத்திருக்கும். சேற்றுக்குப் பழகிய நம் கண்ணுக்கு அது குறையாகத் தெரியும். சேற்றில் டயர் தன்னைத்தானே துப்புரவு செய்துகொள்ள வேண்டும். பனியில் நிலைமை வேறு. பள்ளத்தில் அடைந்து இறுகிய பனி, கீழே உள்ள பனியோடு ஒட்டிப் பிடிக்கிறது. பனி உருண்டை பிடித்து விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும்: பனியோடு பனி ஒட்டும், ரப்பரோடு ஒட்டாது. நல்ல பனி டயர் பனியைக் கவ்வி வைத்துக்கொள்ளும். அதே சமயம் கெட்டித்து வழவழப்பான உருளையாகிவிடாமல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உதிர்க்கும்.

பனிக்கட்டிக்கு வேறு மருந்து. பட்டனின் முகத்தில் கத்தியால் கீறினாற்போல் மெல்லிய வெட்டுகள் இருக்கும். அமெரிக்கர்கள் அவற்றை சைப் என்கிறார்கள். 1923-இல் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்பவரின் பெயரால் வந்தது. வழுக்கும் ஈரத்தரையில் நிற்பதற்காகத் தன் காலணியின் அடியை அவர் கீறிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. ஒவ்வொரு கீறலும் ஒரு விளிம்பு. அழுந்தும்போது விளிம்புகள் விரிந்து நீர்ப்படலத்தைத் துடைத்துக்கொண்டு கடிக்கின்றன. அதோடு ரப்பரும் குளிரில் மெத்தென்று இருக்க வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. உறைநிலைக்குக் கீழே அது காய்ந்த செருப்புத்தோல் மாதிரிதான். பனிக்கென்றே டயர் செய்தவர்களில் ஃபின்லாந்துக்காரர்கள் முன்னோடிகள். இன்று நோக்கியன் என்று வழங்கும் நிறுவனம் 1934-இல் லாரிக்கும் 1936-இல் காருக்கும் பனி டயர் கொண்டுவந்தது.

டயரின் பக்கச்சுவரில் உள்ள குறிகளை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. எம்+எஸ் என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று சொல்கின்றன. ஆனால் அது வரிவடிவத்தின் அளவை வைத்துத் தரப்படுவது. பனியில் ஓட்டிப் பார்த்துத் தரப்படுவதன்று. மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த குறி 1999-இல் வந்தது. இறுகிய பனியில் ஒரு ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இழுத்தால்தான் அது கிடைக்கும். அந்தச் சோதனையிலும் பனிக்கட்டி இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பழைய ஜீப்போடு கூடவே வரும் டயர் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, ராணுவக் கோலத்துக்காக மாட்டிய 6.00-16 அளவு, இருபுறமும் தடித்த கட்டைகள் போல் பட்டன் உள்ளது. பார்க்க அழகு. கீறல் ஒன்றுகூட இல்லாத அந்தக் கட்டைகள் பனிக்கட்டியில் சோப்புக் கட்டிகள். இன்னொன்று, சேற்று டயர்: அகலம், ஆழமான பள்ளம், ஆளை மிரட்டும் தோற்றம். ஆழப் பொடிப்பனியில் அது தோண்டிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் பனி தள்ளுகிறவர் ஆழப்பனியில் அதிக நேரம் ஓடுவதில்லை. ஒரு முறை தள்ளியதும் சக்கரத்தின் கீழே இருப்பது பலகை வழித்துவிட்ட தரை, அதாவது ஓரிரு சென்டிமீட்டர் இறுகிய பனியோ மினுக்கிய பனிக்கட்டியோதான். அங்கே சேற்று டயரின் பெரிய, கெட்டியான, கீறலில்லாத பட்டன்கள் தோற்றுப்போகின்றன. என் தீர்ப்பு இதில் தெளிவு: பனி தள்ளும் வண்டிக்குச் சேற்று டயர் போடுவது காசு கொடுத்து வாங்கும் தொல்லை.

அகலமா ஒடுக்கமா என்பது இந்தத் துறையின் தீராத வழக்கு. அகலத்தின் கட்சிக்கு வலுவான சாட்சி ஐஸ்லாந்து. அங்கே பனிப்பாறைமேல் ஓடும் ஜீப்புகளுக்கு 38 அங்குல உயர டயர் போட்டு, காற்றைச் சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டுவரை இறக்கிவிடுகிறார்கள். டயர் அப்பம்போல் பரந்து பனியின் மேலேயே மிதக்கும். கீழே பல நூறு மீட்டர் பனி இருக்கும்போது மிதப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொடுவதற்குத் தரையே கிடையாது.

வீட்டு வழித்தடத்தின் கதை நேர்மாறு. பனிக்கு ஒரு சாண் கீழே சரளையோ தாரோ இருக்கிறது. அதை எட்டிப் பிடிப்பவர் ஜெயிக்கிறார். ஒரே எடையை ஒடுங்கிய தடத்தில் இறக்கினால் அழுத்தம் கூடும், சக்கரம் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். அகல டயர் தனக்கு முன்னால் ஒரு பனித்திட்டைக் குவித்து, அதன்மேல் ஏறப் பார்த்துக்கொண்டே இருக்கும். பலகை ஏற்கெனவே தள்ளுகிற சுமை போதாதென்று நான்கு டயரும் ஆளுக்கொரு சின்னப் பலகையாகி எதிர்க்கும். அகல டயருக்கு ஒரு நியாயம் உண்டு. மென்மையான ரப்பர் மெருகேறிய பனிக்கட்டியில் பரந்து உட்கார்ந்தால் கூடுதல் கீறல் விளிம்புகள் தரையைத் தொடும். இந்த ஒரு சாதகத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால் ஜீப் பிறந்தபோதே ஒடுங்கிய டயரோடுதான் பிறந்தது. 6.00-16 என்றால் 6 அங்குல அகலம், ஏறக்குறைய 28 அங்குல உயரம். பின்னால் வந்த மோஸ்தர்தான் அதை 31×10.50, 33×12.50 என்று ஊதிப் பெருக்கியது. 16 அங்குல ரிம் உள்ள பழைய வண்டிக்கு எல்.டி. 215/85 ஆர்16 நல்ல அளவு: 30 அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம், எட்டரை அங்குலம்தான் அகலம். 15 அங்குல ரிம் உள்ள சி.ஜே-5, சி.ஜே-7 வண்டிகளுக்கு 235/75 ஆர்15 போதும். ஒரு படி ஒடுக்கினால் 215/75.

பெரிய டயருக்கு இன்னும் சில அபராதங்கள் உண்டு. 28 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் வண்டியின் மொத்தக் கியர் விகிதம் 18 சதவீதம் உயர்ந்துவிடுகிறது; அங்குலம் அங்குலமாக ஊர வேண்டிய வேலையில் கிளட்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில், முன் அச்சில் பலகையும் தொங்கும்போது, அகல டயரை நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். வெளியே பிதுங்கும் ரிம் போட்டால் சக்கர பேரிங்குகள் சீக்கிரம் போகும். சங்கிலி மாட்ட இடமும் இருக்காது.

இவ்வளவு சொல்லியும், டயரைவிட முக்கியமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை. நம் ஊர்ப் பாரவண்டிக்காரர்கள் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். பனிப்பலகை மாட்டிய ஜீப் முன்பாரம் ஏறிய வண்டி.

180 கிலோ பலகை, முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் தொங்குகிறது. 1970களின் சி.ஜே-5-இல் இரண்டு அச்சுக்கும் இடைவெளி 83.5 அங்குலம், அதாவது 2.1 மீட்டர். நெம்புகோல் விதிப்படி பலகையைத் தூக்கியதும் முன் அச்சில் ஏறுவது 180 அல்ல, 266 கிலோ; பின் அச்சிலிருந்து 86 கிலோ காணாமல் போகிறது. வெறும் வண்டியில் முன்னே 650, பின்னே 550 என்று வைத்துக்கொண்டால், இப்போது முன்னே 916, பின்னே 464. பின் டயர்கள் பாதி வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டன.

பலகை தரையில் கிடந்து தள்ளும்போது அதன் எடை தரைமேல் இருக்கும். பின் அச்சுக்கு அதன் பங்கு திரும்பக் கிடைத்துவிடும். வினை, தூக்கியதும்தான். குவியலின்மேல் மோதி நின்று, பலகையைத் தூக்கி, ரிவர்ஸ் எடுக்கிற நொடியில் பின் டயர்கள் சுற்றும். பனி தள்ளும் வண்டிகள் பலவும் சிக்கிக்கொள்வது முன்னே போகும்போதல்ல, இப்படிப் பின்வாங்கும்போதுதான்.

மருந்து எளிது. பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால், வண்டியின் கடைசி விளிம்பில் 120 கிலோ ஏற்றுங்கள். அதே நெம்புகோல் இப்போது நம் பக்கம்: பின் அச்சுக்கு 149 கிலோ சேரும், முன் அச்சிலிருந்து 29 கிலோ இறங்கும். முன்னே 887, பின்னே 613. சிராக்யூஸுக்கு வடக்கே ஒரு பண்ணையில் நான் பார்த்த சி.ஜே-5-இன் பின்பக்கத்தில், நீண்ட குழல் வடிவச் சாக்குகளில் மணல் அடைத்து, குறுக்கே கட்டை வைத்து, நைலான் பட்டையால் இறுக்கியிருந்தார் வண்டிக்காரர். கட்டையும் பட்டையும் எதற்கு என்று கேட்டேன். குவியலில் மோதி நிற்கும்போது மூட்டை முன்னால் பறந்து வந்து முதுகில் அடிக்கும் என்றார். மணலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சிக்கிக்கொண்டால் ஒரு சாக்கைக் கிழித்து டயருக்கு அடியில் போடலாம். சிமென்ட் கட்டை ஏற்றுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. டிராக்டர் டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்புவதைப் பார்த்து ஜீப்புக்கும் செய்யலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டாம். ரிம் துருப்பிடிக்கும், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் அந்தக் கனம் பிரேக்குக்கும் அச்சுக்கும் வீண் பாரம்.

புது டயருக்குக் காசு இல்லாதவர் முதலில் மணல் மூட்டை வாங்கட்டும் என்பேன். சுமாரான டயரும் சரியான பின்பாரமும் கொண்ட வண்டி, அருமையான டயரும் வெறும் பின்பக்கமும் கொண்ட வண்டியைத் தோற்கடிக்கும்.

காற்றழுத்தம் பற்றிச் சுருக்கமாக. மணலிலும் ஐஸ்லாந்திலும் காற்றை இறக்குவது சரி. பலகை மாட்டிய வண்டியின் முன் டயரில் காற்றை இறக்குவது தவறு. அது சுமக்கிற எடை முன்பைவிட 200 கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. முன்னே டயரின் சுமைவரம்புக்குத் தக்கபடி கூட்டி வைக்கலாம், பின்னே நடுத்தரமாக. குளிர் தானாகவே காற்றைத் திருடும் என்பதை மறக்கக் கூடாது: 20 டிகிரி வெதுவெதுப்பான கொட்டகைக்குள் 30 பவுண்டு அடித்த டயர், வெளியே மைனஸ் 20-இல் 24 பவுண்டுதான் காட்டும். பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் காலையில், வெளியே, குளிரில் அளந்து அடிக்க வேண்டும்.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பது ஜீப்பில் கட்டாயம். பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பூட்டிவிடும். பின்னே புதியது, முன்னே தேய்ந்தது என்று மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அவை ஓடும் தூரம் வேறுபடும். அந்த வேறுபாடு பல்சக்கரங்களில் முறுக்காக ஏறும். பனியில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு தளர்ந்துவிடும். துடைத்த தார்ச்சாலையில் தளராது. கூலிக்குப் பனி தள்ளுகிறவர் அடுத்த வாடிக்கையாளர் வீட்டுக்குக் காய்ந்த சாலையில் போகும்போது நான்கு சக்கர இழுவையைக் கழற்றிவிடுவது நல்லது. ஆர்தர் வார்ன் 1948-இல் ஜீப்புகளுக்குச் செய்யத் தொடங்கிய பூட்டு ஹப்களின் உபயோகமே அது. குறுக்கு நூல் டயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலப்பதைப் பற்றி விவாதமே தேவையில்லை: கூடாது.

சங்கிலி தனி அத்தியாயம். 1904-இல் நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊர்க்காரர் ஹாரி வீட் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சேற்றுக்கும் பனிக்கும் டயரைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்ட ஓட்டுநர்களைப் பார்த்து வந்த யோசனை. நடவுக்கு முன் சேற்றில் இறங்கும் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சங்கிலியின் நியாயம் உடனே விளங்கும்: ரப்பர் வழுக்குகிற இடத்தில் இரும்பு கடிக்கும். உலகத்திலுள்ள எந்த டயரும் பனிக்கட்டி மூடிய ஏற்றத்தில் சங்கிலிக்கு ஈடாகாது.

ஏணிப்படி போல் குறுக்குச் சங்கிலி மட்டும் உள்ள வகை முன்னும் பின்னும் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் சுமார்தான். பனிப்பலகையைச் சாய்த்து வைத்துத் தள்ளும்போது பனி வண்டியின் மூக்கை எதிர்ப்பக்கம் ஒதுக்கும்; அப்போது தேவைப்படுவது பக்கவாட்டுப் பிடிதான். வைர வடிவச் சங்கிலி அங்கே மேல். குறுக்குக் கண்ணிகளில் வி வடிவ இரும்புத்துண்டு பற்றவைத்த வகை எல்லாவற்றையும்விடக் கடுமையாகக் கடிக்கும், வாடிக்கையாளரின் தார்த்தளம் உட்பட. வசந்தத்தில் பனி உருகியதும் கோடு கோடாகக் கீறல் தெரிந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் போச்சு. சரளைத் தளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஜோடிதான் இருக்கிறது, எங்கே மாட்டுவது? முன்னே என்பவர்கள், எடை அங்கேதான் இருக்கிறது, திருப்பமும் கிடைக்கும் என்கிறார்கள். பின்னே என்பவர்கள், முன்னே மட்டும் பிடித்தால் இறக்கத்தில் பிரேக் போடும்போது வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும் என்கிறார்கள். குட்டை வண்டியில் அது நொடியில் நடக்கும். சமதளத்தில் முதல் கட்சி சரி. சரிவுள்ள வழித்தடத்தில் பின்னேதான் மாட்ட வேண்டும். முன்னே மாட்டுவதென்றால் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, சங்கிலி ஸ்பிரிங் பட்டையிலோ ஸ்டீயரிங் ராடிலோ உரசுகிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். மாட்டிச் சில நூறு மீட்டர் ஓடியதும் தொய்வு விழும். இறங்கி மறுபடி இறுக்காதவர் சக்கர மேற்கூரையைப் பிய்த்துக்கொள்வார்.

ஆணி டயர் இடைவழி. டங்ஸ்டன் கார்பைடு ஆணி பனிக்கட்டியில் நன்றாகக் கடிக்கும், சாலையையும் தின்னும். ஜப்பானில் ஆணிகள் சாலையை அரைத்து எழுப்பிய தூசி மக்களை மூச்சுத்திணற வைத்ததால் 1990-இல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். மின்னசோட்டாவில் தடை, ஒன்டாரியோவில் வடக்கே மட்டும் அனுமதி. சொந்த நிலத்தைத் தாண்டாத ஜீப்புக்குச் சட்டம் குறுக்கே வராது. கியூபெக்கில் பதிவுள்ள கார்களுக்கு 2008 முதல் குளிர்காலத்தில் பனி டயர் கட்டாயம் என்பதால், ஒவ்வொரு ஆண்டும் கழற்றிப்போட்ட பனி டயர்கள் அங்கே பழைய டயர்க் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. பழைய ஜீப் வைத்திருப்பவருக்கு அது நல்ல வேட்டை.

அப்படி வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். பட்டன் ஆழம்: சட்டப்படி 1.6 மில்லிமீட்டர்வரை ஓட்டலாம் என்றாலும், 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் பனியில் பிடி இழந்துவிட்டது. அடியில் கீறல்களும் முடிந்திருக்கும். அடுத்தது வயது. பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முன்பு செய்தது. பட்டன் எவ்வளவு முழுதாக இருந்தாலும் தொடாதீர்கள். களஞ்சியத்துக்குப் பின்னால் கிடந்த ஜீப்பில் இந்த வகைதான் அதிகம். பட்டன் பளபளவென்று புதிதாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. அந்த ரப்பர் மரக்கட்டையாகிவிட்டது. கழற்றி, ஊஞ்சல் கட்ட வைத்துக்கொள்ளலாம்.